சொல்லாமல் போன சொல்

ஊரில் அவரை மத்தியஸ்தர் என்பார்கள். போன வீட்டில் ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்து முடிக்காமல் அவர் வாய் திறந்ததில்லை.

எங்கள் இருவர் புஞ்சைக்கும் நடுவில் எல்லை வரப்பாக இருந்த பொழியை உடைத்து, என் பக்கம் இரண்டு சால் உழுதுவிட்டான் அண்ணன். "இனிமே அவன் எனக்கு அண்ணனே கிடையாதுன்னு சொல்லிட்டு வாங்க" என்று மத்தியஸ்தரை அனுப்பினேன்.

மறுநாள் அண்ணன் சிரித்துக்கொண்டே வந்து என் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போனான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நேரே இவரிடம் போனேன்.

"நான் சொன்னதச் சொன்னியளா, இல்லியா?"

"அதப் போயி யாராச்சும் சொல்லுவாவளா அண்ணாச்சி? ஒங்க அண்ணன்ட்ட, தம்பி ஒங்க நெனப்பாவே இருக்காருன்னு சொன்னேன். சண்ட தீந்துட்டுல்லா?"

தீர்ந்ததாம். என் வீட்டில் கை நனைத்தவனிடம் இனி எந்த வாயால் பொழியைக் கேட்பேன்? மத்தியஸ்தம் என்றால் நடுவில் நிற்பது என்று நினைத்திருந்தேன். அந்த இரண்டு சாலிலும் இப்போது அண்ணனின் உளுந்து காய்த்து நிற்கிறது.