பன்னிரண்டு பொத்தான்கள்

நாற்பத்தொன்பது வயதில் நான் மொபைல் ஆப் எழுதக் கற்றுக்கொள்ளப் போனதற்கு என் அக்கா ஒருத்திதான் காரணம். பக்கவாதத்தில் அவளுக்கு வலது கையும் பேச்சும் போயிருந்தன. புத்தூரில் ஒரு மருத்துவமனையில் மூன்று வாரம் இருந்துவிட்டு ஸ்ரீரங்கம் வீட்டுக்குத் திரும்பியபோது, நாங்கள் சொல்வது அவளுக்குப் புரிந்தது. பதில்தான் வரவில்லை. இடது கையை ஆட்டிக் காட்டுவாள். அவள் மருமகள் தண்ணீர் கொண்டுவருவாள், அப்புறம் போர்வை, அப்புறம் தைலம். நான்காவது பொருள் வருவதற்குள் அக்கா கையைக் கீழே போட்டுவிடுவாள்.

தொட்டால் பேசும் ஆப்கள் ஏற்கெனவே இருந்தன. இரண்டை இறக்கிப் பார்த்தேன். ஒன்று ஆங்கிலம். மற்றது "எனக்குக் குடிநீர் தேவைப்படுகிறது" என்று செய்தி வாசித்தது. அதைக் கேட்டு அக்கா முகத்தைச் சுளித்தாள். நானே ஒன்று எழுதலாம் என்று தோன்றியது அப்போதுதான்.

தில்லைநகரில் ஒரு மாடியில் சனிக்கிழமை மதியம் இரண்டு முதல் ஐந்து வரை வகுப்பு. மற்றவர்கள் எல்லாம் கல்லூரிப் பிள்ளைகள். சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு என் வயதில் பாதி இருக்கும். நான் துவாக்குடி பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். ஒவ்வொரு வரியையும் எழுதி, மூன்று முறை சரிபார்த்து, நோட்டில் குறித்துக்கொண்டுதான் அடுத்த வரிக்குப் போவேன். "சார், நீங்க எழுதற கோடிங் அவ்வளவு சுத்தமா இருக்கு. ஆனா ஒரு பொத்தானுக்கு மூணு வாரம் எடுத்துக்கிட்டா, ஆப் வர்றதுக்குள்ள போன் பழசாயிடும்" என்றாள் அந்தப் பெண். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நான்கு மாதத்தில் ஆப் தயாரானது. வரிசைக்கு மூன்றாக நான்கு வரிசை, பன்னிரண்டு பொத்தான்கள். அக்கா வாரப் பத்திரிகை எல்லாம் விடாமல் படிப்பவள் என்பதால் படங்கள் போடவில்லை. குழந்தைக்குக் காட்டுவதுபோல் ஆகிவிடும் என்று நினைத்தேன். எழுத்து மட்டும், பெரிதாக. முதல் கட்டத்தில் 'வாங்க' வைத்தேன். வீட்டுக்கு யார் வந்தாலும் செருப்பைக் கழற்றுவதற்குள் வாங்க என்று சொல்லிவிடுவது அவள் வழக்கம். மூன்றாவது கட்டத்தில் 'காபி'. 'பாத்ரூம்', 'வலிக்குது' போன்றவை கீழே. குரலுக்கு என் மனைவியைப் பேசவைத்துப் பதிவு செய்தேன்.

முதல் நாள் அக்காவின் கணவர் கேட்டுவிட்டு, "முப்பது வருஷமா உங்கக்கா குரல்ல திட்டு வாங்கினேன். இனிமே உன் பொண்டாட்டி குரல்ல வேற வாங்கணுமா மாப்ள?" என்றார். அக்கா சட்டென்று 'போதும்' பொத்தானைத் தொட்டாள். மாமா விழுந்து விழுந்து சிரித்தார்.

அடுத்த ஆறு வாரங்கள் நன்றாக நடந்தன. காலை ஆறே முக்காலுக்கு 'காபி'. மாமா டிவி சத்தத்தைக் கூட்டினால் 'போதும்'. மளிகைப் பட்டியல் போடும்போது மருமகள் ஒவ்வொன்றாகக் கேட்க, அக்கா 'சரி', 'வேண்டாம்' என்று தொட்டுச் சொன்னாள். வீடு பழையபடி அவள் சொல்லுக்கு வந்துகொண்டிருந்தது. ஞாயிறுதோறும் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

வகுப்பில், அதிகம் பயன்படுவது தானாக மேலே வருகிற மாதிரி வரிசைப்படுத்தச் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு அது பிடித்துப்போனது. ஆப் ஏற்கெனவே ஒவ்வொரு தொடுதலையும் பதிவு செய்து எனக்கு அனுப்பிக்கொண்டிருந்தது: தேதி, மணி, சொல், கட்டத்தின் எண். எதையும் பதியாமல் விடுவது என் பழக்கம் இல்லை. அந்தக் கணக்கை வைத்து வரிசையை மாற்றினேன். 'பாத்ரூம்' முதல் கட்டத்துக்கு ஏறியது. 'வலிக்குது' மூன்றாவது கட்டத்துக்கு வந்தது. வெளியாட்கள் அதிகம் வராத வீட்டில் 'வாங்க' கடைசி வரிசைக்குப் போயிற்று. "இப்ப இன்னும் சுலபம், பாருக்கா" என்று காட்டினேன். தலையாட்டினாள். எழுத்துத் தெரிந்தவளுக்கு இடம் மாறினால் என்ன என்பது என் எண்ணம்.

அந்த வாரமே மருமகள் போனில் சொன்னாள்: "அத்தை வலிக்குதுன்னு அழுத்துறாங்க. தைலம் எடுத்துட்டுப் போனா கையைத் தட்டி விடறாங்க."

ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இருந்தபோது மாமாவின் அண்ணனும் அண்ணியும் திருவானைக்காவலிலிருந்து பார்க்க வந்தார்கள். வாசலில் அவர்களைக் கண்டதும் அக்காவின் முகம் மலர்ந்தது. போனை எடுத்து மடியில் வைத்து, நிமிர்ந்து அவர்களைப் பார்த்தபடியே தொட்டாள்.

"பாத்ரூம் போகணும்" என்றது போன்.

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டார். மாமா சிரித்தேவிட்டார். அக்கா மறுபடி தொட்டாள். மறுபடியும் அதே. நான் பக்கத்தில் போய், எல்லோருக்கும் கேட்கிறபடி, "அக்கா, அவசரப்படாத. எழுத்தைப் பாத்து அழுத்து" என்றேன். அவள் எழுத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். பிறகு போனைக் கவிழ்த்து வைத்தாள். அதற்கப்புறம் அதை எடுக்கவே இல்லை.

கிளம்பும்போது தெருமுனை வரை மாமா கூட வந்தார். அவரிடம் நான் சொன்னது அன்றைய டைரியில் அப்படியே இருக்கிறது: "நினைவு கொஞ்சம் கொஞ்சமாப் போகுது போல மாமா. பாத்துக்குங்க."

அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். மளிகைப் பட்டியலை மருமகளே போட ஆரம்பித்தாள். இரவில் சரியாகத் தூங்கட்டும் என்று காபியை நிறுத்திப் பாலாக்கினார்கள். "அத்தை, சமத்தா வாயைத் திறங்க" என்று ஊட்டினார்கள். பேத்தியின் காதுகுத்துக்கு நாள் குறித்தபோது அவளிடம் யாரும் கேட்கவில்லை. எல்லாம் அன்பாகத்தான்.

இரண்டு மாதம் கழித்து, வகுப்பின் கடைசிப் பயிற்சிக்கு ஏதாவது ஒரு பதிவை எடுத்து அட்டவணை போட வேண்டியிருந்தது. அக்காவின் பதிவை எடுத்தேன். அதுவரை எந்தச் சொல் எத்தனை முறை என்றுதான் கூட்டியிருந்தேன். கட்டத்தின் எண் இருந்த பத்தியைப் படித்ததே இல்லை.

இடம் மாறிய மறுநாள் காலை ஆறே முக்கால்: மூன்றாவது கட்டம். நாற்பது விநாடி கழித்து மூன்றாவது கட்டம். மறுபடி மூன்றாவது. அடுத்த நாளும் அப்படியே. காபி இருந்த இடம் அது. விருந்தாளிகள் வந்த ஞாயிறு: முதல் கட்டம், முதல் கட்டம். 'வாங்க' இருந்த இடம். அந்த எட்டு நாள் வரிகளையும் பழைய அமைப்போடு வைத்துச் சரிபார்த்தேன். அவள் விரல் ஒருமுறைகூடத் தவறவில்லை.

பேச்சோடு எழுத்தும் அவளுக்குப் போயிருக்கிறது. வீடு திரும்பியதிலிருந்து பத்திரிகையை வெறுமனே புரட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். பன்னிரண்டு சொற்களையும் இடம் வைத்து மனப்பாடம் செய்தவளிடமிருந்து ஒரே நாளில் எல்லா இடங்களையும் பறித்தவன் நான். பறித்துவிட்டு, அவளுக்கு நினைவு போகிறது என்றும் சொன்னேன்.

ஞாயிறு வரை காத்திருக்கவில்லை. லீவு போட்டேன். பொத்தான்களைப் பழைய இடங்களுக்குக் கொண்டுவந்து, இனி நகராதபடி செய்து, என் போனில் போட்டு எடுத்துப் போனேன். அக்கா கட்டிலில் சாய்ந்திருந்தாள். அவள் எதிரிலேயே சொன்னேன்.

"மாமா, நான் அன்னைக்குச் சொன்னது தப்பு. அக்காவுக்கு நினைவு ஒண்ணும் போகலை. தப்பு என் ஆப்ல."

"எந்த ஆப்பு?" என்றார். பிறகு ஞாபகம் வந்தது. "அதுவா. அதை எடுத்து வெச்சு எவ்வளவோ நாளாச்சே. விடு மாப்ள, நல்லதுக்குத்தானே பண்ணே."

"அதில்ல மாமா. அவ சரியாத்தான் அழுத்தியிருக்கா. ஒவ்வொரு தடவையும்."

"சரி சரி, கொஞ்சம் மெதுவாப் பேசு. அவளுக்குக் குழப்பமாயிடும்" என்று அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

நான் அக்காவின் மடியில் போனை வைத்தேன். "பழைய இடத்துலயே இருக்குக்கா. இனிமே மாறாது. நீ தப்பே பண்ணலை. நான்தான்." அவள் இடது கை எழுந்தது. மூன்றாவது கட்டத்துக்கு நேரே விரல் வந்து நின்றது. தொடவில்லை. தொடப்போன பாத்திரத்தில் சூடு தெரிந்தால் விரல் நிற்குமே, அப்படி நின்றது. பிறகு போனை எடுத்து, குனிந்திருந்த என் சட்டைப் பையில் போட்டாள். சரியாக உள்ளே போகாததால் இரண்டு விரலால் அழுத்திவிட்டாள்.

மருமகள் டம்ளரில் பால் கொண்டுவந்தாள். "அவளுக்குக் காபி குடும்மா" என்றேன். மருமகள் மாமாவைப் பார்த்தாள்.

"இதுவே பழகிடுச்சு மாப்ள" என்றார் மாமா. "இப்பெல்லாம் எதுவும் கேக்கறதில்ல."

மருமகள் டம்ளரை அருகில் கொண்டுபோனதும் அக்கா வாயைத் திறந்தாள்.