பூச்சாடியில் என் வலி மாத்திரை

பித்தப்பையை எடுத்துவிட்டு மருத்துவமனையிலிருந்து நான் வீடு திரும்பிய அன்று, என் கணவர் எனக்குப் பூங்கொத்து வாங்கித் தந்தார். கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. வெள்ளிக்கிழமை சாமி படத்துக்கு மல்லிகைச் சரம் வாங்குவதோடு சரி. எனக்கென்று அவர் பூக்கடையில் நின்றதே இல்லை. அன்றைக்கு வழியில் தெங்கேராவில் காரை ஓரங்கட்டிவிட்டு இறங்கியவர், சிவப்பு ரோஜாவும் மஞ்சள் சாமந்தியும் சேர்ந்த ஒரு கொத்தோடு வந்தார். என் மடியில் வைத்துவிட்டுக் காரை எடுத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தச் சந்தோஷம் அலோர் காஜாவில் எங்கள் வீட்டு வாசலை அடையும்வரைதான் நீடித்தது.

உள்ளே நுழைந்ததும் அவருக்கு ஒரே கவலை: பூ வாடக்கூடாது. என்னைக் கவனித்துக்கொள்ள மெர்லிமாவிலிருந்து வந்திருந்த அவருடைய அக்காவுக்கும், அதாவது என் அண்ணிக்கும், அதே கவலை தொற்றிக்கொண்டது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சாய்ந்திருந்தேன். அக்காவும் தம்பியும் பூச்சாடியைச் சுற்றி நின்றார்கள்.

“தண்ணியில சீனி போடணும்க்கா. வீடியோவுல காட்டுறான்.”

“சீனி போட்டா எறும்பு வரும்லா, தம்பி. துணி வெளுக்குற மருந்தை ஊத்து. எங்க பக்கத்து வீட்டு ஆன்ட்டி அப்படித்தான் செய்வாங்க.”

அவர் கை நிறையச் சீனியைப் போட்டார். அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து அண்ணி வெளுக்கும் மருந்தை ஊற்றினார். “அவன்கிட்டச் சொல்லாதம்மா” என்று என்னிடம் கண்ஜாடை காட்டினார். எனக்குப் பால் ஊற்றாமல் ஒரு தே ஓ தேத்தண்ணி கலக்கித் தரச் சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள் ஜாடியைத் துடைக்கத் துணி தேடிப் போய்விட்டார்.

மறுநாள் தண்ணீர் கலங்கி, லேசாக நாற்றமும் அடித்தது. ரோஜாக்கள் தலையைத் தொங்கப்போட ஆரம்பித்தன. கடையில் பூவை ஐஸ் பெட்டியில்தானே வைக்கிறார்கள் என்று இவருக்குத் தோன்றிவிட்டது. ஜாடியை அப்படியே தூக்கி எங்கள் ஐஸ் பெட்டிக்குள் வைத்தார். இடம் வேண்டுமே; அதற்காக எனக்கென்று வைத்திருந்த கஞ்சியையும் ரசத்தையும் எடுத்து வெளியே வைத்தார். காலையில் பார்த்தால் கஞ்சி புளித்துப்போயிருந்தது. உள்ளே அண்ணி கொண்டுவந்த, பலாப்பழம் மாதிரி மணக்கும் செம்படாக் பழம் இருந்ததால், பூ முழுக்கச் செம்படாக் வாடை. ரோஜாக்கள் இன்னும் மோசமாகியிருந்தன.

“நான் என்னத்தச் சாப்பிட்டுப் பசியாறுறது?” என்று கேட்டேன்.

“ரொட்டி இருக்குல்ல” என்றார், பூவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். மத்தியானம் தையல் போட்ட இடம் சுருக்சுருக்கென்று இழுத்தது. மாத்திரை போடலாம் என்று அட்டையை எடுத்தால் இரண்டு குறைந்திருந்தது.

“ஏங்க, என் மாத்திரையை யாரு எடுத்தது?”

“நான்தான். பொடி பண்ணிப் பூவுக்குப் போட்டேன். வலி மாத்திரை போட்டா பூ நிமிருமாம்.”

“வலிக்கிறது எனக்குங்க!”

“அதான் மிச்சம் இருக்கே. ஏன் கோவிச்சுக்கிற?”

அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. சிரித்தால் தையல் வலிக்கும். எழுந்து, சுவரைப் பிடித்தபடி அடுப்படிக்குப் போனேன். “அண்ணி, அந்த ஜாடியைத் தூக்கிட்டு வாங்க” என்றேன். என் குரலைக் கேட்டதும் அண்ணி ஜாடியோடு ஓடி வந்தார்.

தண்ணீரைக் கொட்டினேன். அடியில் இலைகள் அழுகிக் கிடந்தன, காம்பு நுனியெல்லாம் கொழகொழவென்று இருந்தது. காம்பு அடைத்துத் தண்ணீர் குடிக்க வழியில்லாத பூவுக்குச் சீனி எதற்கு, மாத்திரை எதற்கு? ஜாடியைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னேன். தண்ணீருக்குள் மூழ்கும் இலைகளைக் கிள்ளி எறிந்தேன். அழுகின நுனிகளைக் கத்தரிக்கோலால் சாய்வாக வெட்டினேன். நல்ல தண்ணீர் ஊற்றி, காற்றாடிக் காற்று படாத, பூவைச் சீக்கிரம் வாடவைக்கும் பழத்தட்டும் பக்கத்தில் இல்லாத ஒரு மூலையில் வைக்கச் சொல்லிவிட்டு, மாத்திரையை விழுங்கிப் படுத்தேன்.

ரோஜாக்களில் பாதியைத் தூக்கிப்போட வேண்டியதாயிற்று. மற்றவை சாயங்காலத்துக்குள் மெல்ல நிமிர்ந்தன. சாமந்தி மட்டும் நான் மறுபடி டாக்டரைப் பார்க்கப் போகிற வரைக்கும் நின்றது. தினமும் தண்ணீர் மாற்றியது நான். வாரம் முழுக்க அந்த ஜாடிப் பக்கம் இவர் கை போகவில்லை.

டாக்டரிடம் போவதற்கு முன்பே, அண்ணி ஊருக்குப் போன பிறகு ஒரு நாள், இவர் வாசலில் நின்று அவருடன் போனில் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

“சாமந்தி இன்னும் அப்படியே இருக்குக்கா. ஒண்ணுமில்ல, தினமும் தண்ணி மாத்தணும், காம்பைச் சாய்வா வெட்டணும். நான் பாத்துக்கிறேன்ல.”

“யாருங்க பாத்துக்கிறது?” என்று உள்ளேயிருந்து கத்தினேன்.

அவர் போனைக் கையால் மூடிக்கொண்டு எட்டிப் பார்த்தார். “கத்தாதலா. தையல் பிரிஞ்சிடப் போவுது” என்றார்.