ஸ்குரூவைச் சுற்றிக் கறுப்பு

வெற்றிச்செல்வி உடையார்பாளையத்தில் பிறந்தவர். வயது முப்பத்தாறு. ஜெயங்கொண்டத்தில் ஒரு தனியார் ஸ்கேன் சென்டரில் பதினோரு வருஷமாக எக்ஸ்ரே எடுக்கிறார். படம் எடுப்பதுதான் அவர் வேலை. அதில் என்ன இருக்கிறது என்று சொல்வது டாக்டர் வேலை. ஆனால் காத்திருப்பவர்களின் முகத்தைப் பார்த்தால் வெற்றிச்செல்விக்கு வாய் சும்மா இருக்காது. பெரும்பாலும் சரியாகவே சொல்லிவிடுவார்.

போன வருஷம் மாசியில் வரதராஜன்பேட்டையிலிருந்து அங்கமுத்து வந்தார். லாரியில் தைலமரக் கட்டை ஏற்றும்போது தவறி விழுந்து கணுக்கால் எலும்பு முறிந்தவர். திருச்சியில் ஸ்குரூ வைத்து ஆபரேஷன் ஆகியிருந்தது. மூன்று மாதம் கழித்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

கம்ப்யூட்டரில் வந்த படத்தை வெற்றிச்செல்வி பெரிதாக்கிப் பார்த்தார். ஸ்குரூ வழக்கம்போல் பளிச்சென்று வெள்ளையாக இல்லை, மங்கிக் கிடந்தது. அதைச் சுற்றி எலும்புக்குள் கறுப்பாக ஒரு வளையம்.

"எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார் அங்கமுத்துவின் மனைவி காத்தாயி.

"உள்ள பழுத்திருக்கும் போலருக்குங்க. சீக்கிரம் டாக்டர்கிட்ட காட்டுங்க."

இருவரும் படத்தை வாங்கிக்கொண்டு போனார்கள்.

மதியம் ரிப்போர்ட் எழுத வந்த டாக்டர் அறிவழகன், திருச்சி ஆஸ்பத்திரிச் சீட்டின் நகலையும் படத்தையும் சேர்த்துப் பார்த்தார். "இது மெக்னீசியம் ஸ்குரூ. எலும்பு கூடினப்புறம் தானா கரைஞ்சுடும். கழட்ட இன்னொரு ஆபரேஷன் வேணாம். கரையும்போது கொஞ்சம் வாயு வரும், அதான் இந்தக் கறுப்பு. காய்ச்சல், வீக்கம் ஏதாச்சும் இருந்துச்சா?"

"இல்லைங்க சார். நடந்துதான் வந்தாரு."

மெக்னீசியம் என்ற பெயரை வெற்றிச்செல்வி காலையில் சீட்டில் பார்த்திருந்தார். ஏதோ மாத்திரை என்று விட்டுவிட்டார். தான் சொன்னதை மறைக்காமல் டாக்டரிடம் சொன்னார். அவர் திட்டவில்லை. "உடனே போன் போடுங்க" என்றார். அங்கமுத்துவின் போன் அணைந்திருந்தது.

வெற்றிச்செல்வி ஸ்கூட்டியை எடுத்தார். விசாரித்துக்கொண்டு வீட்டைக் கண்டுபிடித்தபோது காத்தாயி துணிப்பையோடு வாசலில் நின்றார். ஸ்குரூவை எடுத்துவிட கும்பகோணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

"நான் சொன்னது தப்புங்க. அது சீழ் இல்ல."

"காலையில ஒண்ணு சொல்றீங்க, இப்ப ஒண்ணு சொல்றீங்க. எதை நம்புறது? இந்த மனுஷன் இன்னும் ஒரு வாய் சோறு திங்கல!"

வெற்றிச்செல்வி அவர்களிடமிருந்த திருச்சி சீட்டை வாங்கி நம்பரைப் பார்த்தார். படத்தைத் திருச்சி டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, அவரையே ஸ்பீக்கரில் பேசவைத்தார். அவரும் அதையேதான் சொன்னார். வலி கூடினாலோ காய்ச்சல் வந்தாலோ மட்டும் உடனே வரச் சொன்னார். அங்கமுத்து இரண்டு தடவை கேட்டுத் தெளிந்தார். பிறகு மனைவியைப் பார்த்து, "பையை உள்ள வை" என்றார்.

இந்த வருஷம் பங்குனியில் மறுபடி படம் எடுத்தார்கள். எலும்பு கூடியிருந்தது. ஸ்குரூ இருந்த இடத்தில் மங்கலாக ஒரு கோடு மட்டும் தெரிந்தது. அங்கமுத்து இப்போது மறுபடி கட்டை ஏற்றும் வேலைக்குப் போகிறார். லாரி மேலே ஏற மட்டும் காத்தாயி விடுவதில்லை. வெற்றிச்செல்வியிடம் அங்கமுத்து நன்றாகப் பேசுகிறார். காத்தாயி இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.