தண்ணீருக்குள் பட்டுடுத்திய மணி

காலை ஏழு மணி பத்து நிமிஷம். தாமிரபரணிக் கரையில் இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது ஒரு வெண்கல மணி. அதன் கொண்டையிலிருந்து வாய்விளிம்பு வரை சிவப்புப் பட்டுத் துணியை இறுகச் சுற்றி மஞ்சள் கயிற்றால் கட்டியிருந்தார்கள். பட்டின் மேல் சந்தனம், குங்குமம், அரளி மாலை. வாயிலிருந்து நாக்கும், நாக்கை இழுக்கும் கயிறும் மட்டும் தொங்கின. கல்யாணப் பெண்ணைக்கூட இவ்வளவு மூடுவதில்லை.

ஐரோப்பாவில் சண்டை மூள்வதற்கு முந்திய வருஷம் அது. மணி, திருநெல்வேலி வக்கீல் ஒருவருடையது. அமெரிக்காவில் கப்பலுக்கு அடியில் மணி கட்டி, மூடுபனியிலும் தண்ணீர் வழியாகவே மற்றக் கப்பல்களுக்குச் சேதி சொல்கிறார்கள் என்று படித்ததிலிருந்து அவர் கோர்ட்டுப் பக்கம் அதிகம் போவதில்லை. மணியை வார்த்தார். டெலிபோனின் பேசும் வாயைச் செம்புக் குடத்துக்குள் வைத்துத் தாரால் அடைத்தார். குடம் தண்ணீருக்குள் இருக்கும், அதிலிருந்து வரும் குழலைத் தோணியில் இருப்பவர் காதில் வைத்துக்கொள்வார். இதற்கு ‘நீர்த்தந்தி’ என்று பெயரும் வைத்தார். தூத்துக்குடியில் கப்பல்கள் கரைக்கு வர ஆழமில்லாமல் நடுக்கடலிலேயே நிற்கும். மழைக்காலத்தில் அவற்றுக்குக் கரை விளக்கு தெரியாது. அங்கே தம் மணி ஒலிக்க வேண்டும் என்பது வக்கீலின் ஒரே ஆசை.

அதற்குத் துறைமுக இஞ்சினீயர் துரை சிபாரிசு செய்ய வேண்டும். துரை இரண்டு நாளில் ரங்கூனுக்குக் கப்பலேறுகிறார். அன்று பிற்பகல் ரயிலுக்கு முன் பார்த்துவிட்டுப் போகச் சம்மதித்திருந்தார். அவருக்குப் பின் வருகிறவர் இதையெல்லாம் கேட்கிற ஆளில்லை என்பது ஊரறிந்த விஷயம்.

“என்ன வே பத்திரிகைக்காரரே, நல்லாப் பாத்து எழுதும். இன்னைக்கு நீரு எழுதுறதைப் பட்டணத்துல படிப்பான்” என்றார் வக்கீல்.

“பட்டு எதுக்கு அண்ணாச்சி?”

“புது மணி வே. ஐயர் கையால பூசை பண்ணிக் கட்டுனது.”

முந்திய மாதம்தான் நம் ஜனங்களின் மூடபக்தியைக் கண்டித்து அவர் ஒரு கூட்டத்தில் பேசியிருந்தார். நானே அதைக் கால் பத்தி எழுதியிருந்தேன்.

துரை வந்து சேர்ந்ததும் ஆற்றின் ஆழமான கசத்தில் ஒரு தோணியிலிருந்து மணியை இறக்கினார்கள். எதிரே இன்னொரு தோணியில் வக்கீலின் மைத்துனர் குழலோடு உட்கார்ந்தார். இரண்டு அடி கேட்டால் வெள்ளைத் துணி, மூன்று அடி கேட்டால் சிவப்புத் துணி காட்ட வேண்டும். காட்டினார். ஒருமுறைகூடத் தவறவில்லை. கரையில் இருந்த கனவான்கள் கைதட்டினார்கள்.

பிறகு மணி அடிப்பவன் கயிற்றை விட்டுவிட்டு முதுகு சொறியக் கையைத் தூக்கினான், ஒருமுறை, மறுமுறை. எதிர்த் தோணியில் வெள்ளைத் துணி எழுந்தது.

துரை சிரிக்கவில்லை. அந்தத் தோணியை ஆற்று வளைவுக்கு அப்பால், மணித்தோணி தெரியாத இடத்துக்குக் கொண்டுபோகச் சொல்லித் தாமே ஏறினார். என்னையும் கூப்பிட்டார். அங்கே அவர் குழலைக் காதில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். பிறகு என்னிடம் நீட்டினார். தண்ணீர் ஓடும் இரைச்சல் கேட்டது. அதைக் கேட்க டெலிபோன் வேண்டியதில்லை.

திரும்பி வந்ததும் மணியைத் தூக்கச் சொல்லித் தம் பிரம்பால் தட்டினார். பலாப்பழத்தைத் தட்டிய சத்தம் வந்தது. பட்டை அவிழ்த்துவிட்டு அடிக்கும்படி சொன்னார். கடிகாரத்தையும் பார்த்தார்.

வக்கீல் மணிக்கும் துரைக்கும் நடுவே வந்து நின்றார்.

“மூணாம் நாள் பூசை முடியுமட்டும் அவுக்கப்படாது. ஐயர் சொல்லியிருக்காரு.”

“எனக்குக் கேட்டுது அத்தான்” என்றார் மைத்துனர்.

“ஏலே, நீ வாயை மூடு.”

“ஒரு முடிச்சுதானே அண்ணாச்சி? துரை போனதும் மறுபடி கட்டிருங்களேன்” என்றேன்.

“நீரு கட்டுவீரு வே. தோஷம் எம் பிள்ளையளுக்குல்லா வரும்!”

கனவான்களில் பி.ஏ. படித்தவர்கள் பலர். எல்லோரும் ஆற்றைப் பார்த்தார்கள். துரை தொப்பியை எடுத்துக்கொண்டார். வக்கீல் அவருக்கு ஒரு மாலை போட்டார். மணிக்குப் போட்ட மாதிரியே அரளி மாலை. வண்டி புறப்பட்டுப் போனது. “துரைக்குக் காது மந்தம்” என்று ஒரு கனவான் சொன்னார். அந்தக் கருத்தை எல்லோரும் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் காலை பூசை முடித்துப் பட்டை அவிழ்த்தார்கள். என்னை அழைத்திருந்தார்கள். கனவான்களில் ஒருவரும் வரவில்லை. வளைவுக்கு அப்பால் தோணியில் மைத்துனரும் நானும் இருந்தோம். அவர் குழலைக் காதில் வைத்தார். திடுக்கிட்டு என் தோளைப் பிடித்தார்.

“ஏ வே! இன்னைக்கு நெசமாவே கேக்கு!”

வாங்கி வைத்துப் பார்த்தேன். இரண்டு அடி. சற்றுப் பொறுத்து மூன்று அடி. ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்டது.

துரையின் கப்பல் விடியற்காலையில் தூத்துக்குடியை விட்டுப் புறப்பட்டிருந்தது.