ஆம்பூரில் நான் ஊதிய விசில்

தொண்ணூறுகளின் கடைசியில் வேலூர் ஆஸ்பத்திரி ஒன்றின் லேபில் வேலை பார்த்தேன். எங்கள் ஸ்டாஃப் ஒரு கால்பந்து டீம் வைத்திருந்தார்கள். எனக்கு விளையாட வராது. பைகளைப் பார்த்துக்கொள்ளக் கூடப் போவேன். ஒரு ஞாயிறு, சர்ச் முடிந்த கையோடு எல்லோரும் ஆம்பூருக்கு பஸ் ஏறினோம். அங்கே ஒரு ஷூ கம்பெனி ஆட்களோடு மேட்ச்.

ரெஃப்ரியாக வரவேண்டிய டிரில் மாஸ்டர் மச்சினன் கல்யாணத்துக்குப் போய்விட்டாராம். மைதானத்தில் சும்மா நின்றவன் நான் ஒருவன்தான். கம்பெனி கேப்டன் விசிலை என் கையில் திணித்தார்.

"நான் எதிர் டீம் ஆளாச்சே?"

"பரவால்லண்ணே. யாராவது ஊதணும்ல."

இடைவேளைக்குள் ஏழு கோல். எங்கள் கோல்கீப்பர் ஐம்பது தாண்டிய ஆண் நர்ஸ். கம்பத்தில் வலை கிடையாது. ஒவ்வொரு கோலுக்கும் பின்னாலிருந்த முள்வேலி வரை நடந்துபோய்ப் பந்தை எடுத்து வந்தார். ஏழாவது தடவை மூச்சு வாங்க நின்றவரைப் பார்த்ததும் என் மனசு இளகிவிட்டது.

இடைவேளைக்குப் பிறகு கம்பெனிக்காரர்கள் பந்தோடு வந்தாலே "ஆஃப்சைடு" என்று ஊதினேன். அது என்னவென்று எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். அப்படியும் மூன்று கோல் போட்டுவிட்டார்கள். எங்கள் ஆள் ஒருவர் தானே தடுக்கி விழுந்ததற்கு பெனால்டி கொடுத்தேன். அவர் வெளியே அடித்தார். எதிர் கோல்கீப்பர் நகர்ந்துவிட்டான் என்று திரும்ப அடிக்கச் சொன்னேன். அதையும் வெளியேதான் அடித்தார்.

கேப்டன் ஓடி வந்தார். "இன்னாண்ணே இது? அவன் செல மாதிரி நின்னான். இன்னும் எத்தினி வாட்டி அடிக்க வைப்பீங்க?"

"நாந்தானே ரெஃப்ரி," என்றேன். காது சூடாகிவிட்டது.

கடைசி ஐந்து நிமிடம். எங்கள் எக்ஸ்ரே டெக்னீஷியன், நாட்றம்பள்ளிக்காரர், அதிகம் பேசாத மனிதர், நடு மைதானத்திலிருந்து பந்தைத் தட்டிக்கொண்டு வந்தார். யாரோ அவர் சட்டையை லேசாகத் தொட்டதுபோல் இருந்தது. ஃப்ரீ கிக் வாங்கிக் கொடுக்கும் ஆசையில் பலமாக ஊதினேன். அவர் நிற்கவில்லை, அங்கிருந்தே அடித்தார். பாய்ந்த கோல்கீப்பரின் விரலுக்கு மேலே பந்து போய், கம்பத்தின் உள்பக்கம் பட்டு உள்ளே விழுந்தது. அப்படியொரு கோலை அந்த மைதானம் அன்று பார்த்திருக்கவில்லை.

விசிலுக்குப் பிறகு விழுந்தது செல்லாது. அந்தச் சட்டம் மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும்.

எக்ஸ்ரேக்காரர் கையைத் தூக்கியபடி என்னைப் பார்த்தார். "செல்லாதுங்க" என்றேன், அழாத குறையாக.

"உன்ன யாருய்யா ஊதச் சொன்னது?" தூரத்திலிருந்து நர்ஸ் கத்தினார். எங்கள் பதினொரு பேரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். எனக்காகப் பேச வந்தது எதிர் டீம்தான். அவர்கள் கோல்கீப்பர் முழங்கையில் ஒட்டிய மண்ணைக் காட்டினான்.

"விசில் கேட்டு நின்னுட்டேன்னு சொன்னா பொய்ண்ணே. தாவித்தான் உட்டேன். கோல் குடுத்துடுங்க."

கேப்டன் சிரித்தபடி தலையாட்டினார். "குடுங்கண்ணே. பேஜார் பண்ணாதீங்க."

கொடுத்தேன். பத்துக்கு ஒன்று. திரும்பும் பஸ்ஸில் ஜெயித்தவர்கள்போலப் பாடிக்கொண்டு வந்தோம், எக்ஸ்ரேக்காரரும் பாடினார்.

அடுத்த மேட்சுக்கு டிரில் மாஸ்டர் தவறாமல் வந்துவிட்டார். பன்னிரண்டு கோல் வாங்கினோம். ஒன்றைப் பற்றிக்கூட யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.