மேல் டிவிசனில் சுண்ணாம்புக் குறி

அந்த வண்டிப்பாதையில் ஷெரோமி முதன்முதலாகச் சைக்கிள் ஓட்டியது ஆசைப்பட்டு அல்ல. அன்று மத்தியானம் அவளுடைய அப்பா மரியரட்ணம் கசிப்பு குடித்துவிட்டு வந்து, தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் அம்மா சிசிலியைச் சைக்கிள் செயினால் அடித்துக்கொண்டிருந்தார். செயின் அவர் கையில் இருந்தது. செயின் இல்லாத சைக்கிள் சுவரோரம் கிடந்தது. பதினான்கு வயதுப் பிள்ளை அதைத் தூக்கி நிறுத்தி ஏறிக்கொண்டாள். மேல் டிவிசனிலிருந்து தலவாக்கலைக்குப் போகும் பாதை முழுக்க இறக்கம். மிதிக்க வேண்டிய தேவையே இல்லை.

ஃபெக்டரி வளைவில் மழைநீர்க் கானுக்குள் விழுந்து தோள் எலும்பு முறிந்தது. ஒரு கையைத் தொங்கப்போட்டபடியே பொலிசுக்குப் போய் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மரியரட்ணம் அன்று கொழும்புப் பக்கம் ஓடியவர்தான். திரும்பி வரவில்லை. சிசிலியின் முதுகில் செயின் பதிந்த தழும்பு இன்றும் இருக்கிறது.

பிறகு ஷெரோமி நுவரெலியாவில் ஓர் ஓட்டலில் வேலைக்குச் சேர்ந்தாள். அறைகளைச் சுத்தம் செய்யப் போனவள், அங்கே வாடகைக்கு விட்ட சைக்கிள்களைப் பழுதுபார்க்கக் கற்றுக்கொண்டாள். தார் ரோட்டை வெறுத்து, கல்லும் மண்ணும் கிடக்கும் பாதைகளைத் தேடி வருகிற ஒரு கூட்டம் இருப்பதை அங்கேதான் கண்டாள். அவர்கள் கொண்டுவரும் கிராவல் சைக்கிள் பார்வைக்குப் பந்தயச் சைக்கிள் போல இருக்கும், டயர் மட்டும் அகலம். அவர்களில் பலர் கல்பிட்டி மணலிலும் மட்டக்களப்பு வாவிக்கரையிலும் ஓட்டிவிட்டு, இனி மலை வேண்டும் என்று வருபவர்கள். அவர்கள் கேட்கிற மாதிரிப் பாதை ஒன்று தனக்கு மனப்பாடமாகத் தெரியும் என்று ஷெரோமிக்குத் தோன்றியது.

வேலையை விட்டாள். அந்தப் பாதையில் அவர்களைக் காசுக்குக் கூட்டிப்போக முடிவுசெய்தாள். தலவாக்கலை ஸ்டேசனில் தொடங்கி, ஃபெக்டரியைச் சுற்றி ஏறி, தான் பிறந்த மேல் டிவிசனைக் கடந்து, மானாப்புல் மலையைத் தாண்டிக் கொத்மலை நீர்த்தேக்கத்தில் இறங்குகிற பாதை அது. அதை விட்டால் அவளுக்கு வேறு பிழைப்பு இல்லை.

பனி இறங்கினால் அங்கே கைபேசி வரைபடம் உதவாது. முன்னால் போகிறவரின் முதுகே தெரியாது. அதனால் பாதை பிரியும் இடங்களில் எல்லாம் பாறைகளின் மீது சுண்ணாம்பில் அம்புக்குறி போட்டாள். ஞாயிற்றுக்கிழமை, சனம் டவுனுக்கும் கோயிலுக்கும் போயிருந்த நேரம். தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் அதற்கு முன்பே கேட்டிருந்தாள், அவரும் தலையாட்டியிருந்தார்.

பெரட்டில் மட்டும் அவள் சொல்லவில்லை.

காலையில் ஆட்கள் வேலை பிரித்துக்கொள்ளக் கூடுகிற பெரட்டுக் களத்தில்தான் தோட்டத்துச் செய்தி எல்லாம் சொல்லப்படும். எந்த மலைக்கு மருந்து அடிக்கிறார்கள், எந்த மரம் விழுகிறது, எந்தப் பாதையை மூடுகிறார்கள் என்பதெல்லாம் அங்கே காதில் விழ வேண்டும். அங்கே சொல்லாமல் நடக்கிற காரியம், மறைத்து நடக்கிற காரியம். லயத்தில் பிறந்த ஷெரோமிக்கு இது தெரியாததல்ல. துரையே சரியென்ற பிறகு பெரட்டு எதற்கு என்று விட்டுவிட்டாள்.

இரண்டு வருடத்துக்கு முன் கீழ் டிவிசனில் இப்படித்தான் பாறைகளில் வெள்ளைப் பெயின்ட் கோடுகள் தோன்றின. பெரட்டில் ஒரு வார்த்தை இல்லை. பிறகு ஒருநாள், நிலத்தை வாங்கியவர்களின் மண் வெட்டும் இயந்திரம் வந்து மரக்கறித் தோட்டங்களைப் புரட்டிப் போட்டது. தேயிலைச் செடிகளைக் கத்தரிக்கும் கவ்வாத்து கேங்கில் மூத்தவரான பழனியாண்டியின் லீக்ஸ் பாத்திகளும் அதில் போயின. குறுக்கே நின்றவரைக் காவல்காரர்கள் பொல்லால் அடித்துத் தாடையை உடைத்தார்கள். இன்றும் அவர் ஒரு பக்கமாகத்தான் மெல்லுகிறார். அதன் பிறகு மேல் டிவிசனில், பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில், தரிசைக் கொத்திப் புதிதாகப் பாத்தி போட்டிருந்தார். பாத்திக்குத் தலைமாட்டில் ஒரு பாறை. அதன் மேல்தான் திங்கட்கிழமை காலை வெள்ளை அம்புக்குறி இருந்தது.

அடுத்த சனிக்கிழமை கொழும்பிலிருந்து பிரதாப் என்பவரும் அவருடைய நண்பர் சுமனும் வந்திருந்தார்கள். ஷெரோமி முன்னால், பிரதாப் நடுவில், சுமன் பின்னால். பனி நன்றாக இறங்கியிருந்தது.

"அக்கா, இத விட மணல் பரவாயில்ல போல!" என்று பின்னாலிருந்து பிரதாப் கத்தினார்.

"பேசாம ஓட்டுங்க சார். வாயத் தொறந்தா பனி உள்ள போயிரும்."

மேல் டிவிசனில் பாதை கொஞ்ச தூரம் இறங்கும். அங்கே, பாதை பிரியும் இடத்துக்கு முந்திய வளைவைத் திரும்பியதும் எதிரே சுவர் போல ஒன்று எழுந்தது. கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் குச்சிகள், மிலாறு, பாதையை அடைத்து இடுப்பளவுக்குக் குவிக்கப்பட்டிருந்தது. ஷெரோமி இரண்டு பிரேக்கையும் பிடித்துச் சைக்கிளைச் சாய்த்துக் குவியலில் மோதி விழுந்தாள். பின்னால் வந்த பிரதாப் அவள் மேல் ஏறாமலிருக்க வெளிப்பக்கம் ஒடித்தார். பாதையின் விளிம்பு இடிந்தது. அவரும் சைக்கிளும் பனிக்குள் மறைந்தார்கள்.

அவள் எழுந்திருக்கும் முன்பே முதுகில் அடி விழுந்தது. அழகன் என்ற இளந்தாரி விறகுக் கட்டையை ஓங்கிக்கொண்டு நின்றான். பனிக்குள்ளிருந்து நாலைந்து பேர் வந்தார்கள். எல்லோர் கையிலும் கவ்வாத்துக் கத்தி.

"வெள்ளக் கோடு போட்டது நீதானா?" என்றான் அழகன். இரண்டாவது அடி தலைக்கவசத்தில் விழுந்து அது பிளந்தது. "எத்தன ஏக்கர் வித்துட்டீங்க?"

"டேய், நான் சிசிலி மக!"

"சிசிலி மகளாம்! கலிசானும் தொப்பியும் போட்டு வந்து எங்க பாத்திய அளக்குறா, இவ சிசிலி மகளாம்!"

அவன் வயிற்றில் உதைத்தான். அவள் அவன் காலைப் பிடித்து இழுத்து விழுத்தினாள். முகத்தில் முட்டியால் குத்தினாள். அவன் மூக்கிலிருந்து இரத்தம் கொட்டியது. வேறொருவன் அவள் முடியைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். இன்னொருவன் சைக்கிளைத் தூக்கிப் பாறையில் அடித்தான். அவள் உதறிக்கொண்டு போய்க் கைபிடியைப் பற்றிக்கொண்டாள். சைக்கிள் போனால் எல்லாம் போனது.

"விடு பிள்ள!" என்று பழனியாண்டி முன்னால் வந்தார்.

"விட மாட்டேன் மாமா!"

"ஒரு தடவ கோடு போட்டானுங்க, தாடை போச்சு. இந்தத் தடவ நாங்க பாத்துக்கிட்டு நிக்க மாட்டோம். விடு!"

கத்தியை ஓங்கினார். கைபிடியைத்தான் குறிவைத்தார். பனியில் நனைந்த கைபிடியில் கத்தி வழுக்கியது. இடக்கையின் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் பிரேக்கோடு சேர்ந்து பாதையில் விழுந்தன.

ஷெரோமிக்கு முதலில் வலிக்கவில்லை. கீழே கிடந்த விரல்களை யாருடையதோ போலப் பார்த்தாள். அப்போதுதான் விளிம்புக்குக் கீழிருந்து பிரதாப்பின் அலறல் கேட்டது. இன்னொரு ஆள் விழுந்திருப்பது அந்த ஆட்களுக்கு அதுவரை தெரியாது.

அவள் எழுந்து, சற்றுத் தள்ளி, குறி போட்டிருந்த பாறைக்குப் போனாள். இரத்தம் வழியும் கையால் அம்புக்குறியை ஓங்கித் தேய்த்தாள். வெள்ளை கரைந்து, சிவந்து, பாறையோடு வழிந்தது.

"பெயின்ட்டா இது? தேச்சா போகுமா பெயின்ட்டு? எங்கம்மா செவுத்துக்குக் கலக்குன சுண்ணாம்பு! சைக்கிள்காரனுக்கு வழி காட்ட போட்டது!"

பழனியாண்டி விரலால் குறியைத் தொட்டுப் பார்த்தார்.

"பெரட்டுல ஏன் சொல்லல?" என்றார். "தொரகிட்ட போயி நின்ன. எங்ககிட்ட ஏன் சொல்லல?"

"பொறகு கேளுங்க. கீழ ஆளு சாவுறான்."

விளிம்புக்குக் கீழே புதிதாகக் கவ்வாத்து வெட்டிய மலை. முழங்கால் உயரத்தில், சரிவாக வெட்டிய தேயிலைக் கிளைகள் ஈட்டி முனைகளாக நின்றன. பிரதாப் அவற்றின் மேல் குப்புற விழுந்திருந்தார். ஒரு கிளை தொடையில் புகுந்து பின்பக்கம் வெளியே வந்திருந்தது. பின்தங்கி அப்போதுதான் வந்து சேர்ந்த சுமன் பாதையில் சைக்கிளைப் போட்டுவிட்டு இறங்கிவந்து, அவருடைய தோளைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார்.

"தூக்காதீங்க!" என்று ஷெரோமி கத்தினாள். ஓட்டலில் முதலுதவிப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். "குச்சி உள்ளயே இருக்கட்டும். மாமா, வாங்க. அடியில வெட்டுங்க."

பழனியாண்டி நகரவில்லை. கத்தியைப் பார்த்தார், அதில் அவள் இரத்தம் இருந்தது.

"மாமா! என் கைய வெட்டத் தெரிஞ்சுதுல்ல? இதையும் வெட்டு!"

அவர் மண்டியிட்டார். பிரதாப்பின் உடலுக்கும் செடிக்கும் நடுவே கத்தியை நுழைத்து ஒரே இழுப்பில் வெட்டினார். பிரதாப் அலறி மயங்கினார். மிலாறு கட்டும் சாக்குகளைக் கழிகளில் கோத்து, அடிக்க வந்த அதே ஆட்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஃபெக்டரிவரை ஓடினார்கள். மூக்கு உடைந்த அழகன் முன்கழியைச் சுமந்தான். கையில் சட்டையைச் சுற்றிக்கொண்டு ஷெரோமி பின்னால் நடந்தாள். வழியில் இரண்டு முறை விழுந்தாள்.

பிரதாப் பிழைத்தார். கால் விறைத்துவிட்டது. ஷெரோமியின் விரல்களை ஒட்ட முடியவில்லை. பழனியாண்டி அன்றே பொலிசுக்குப் போய், நான்தான் வெட்டினேன் என்று சொன்னார். கொஞ்சகாலம் மறியல் சிறையில் இருந்து பிணையில் வந்தார்.

ஓட்டலில் மறுபடியும் வேலை தருவதாகச் சொன்னார்கள். ஷெரோமி போகவில்லை. இரண்டு பிரேக்கையும் வலக்கையால் பிடிக்கும்படி சைக்கிளை மாற்றிக்கொண்டாள். பிறகு ஒரு காலையில், கொழுந்துக் கூடைகளும் கவ்வாத்துக் கத்திகளும் நிறைந்த பெரட்டுக் களத்தில் போய் நின்றாள்.

"இந்தச் சனிக்கிழம நாலு பேரு சைக்கிள்ல வாராங்க. மேல் டிவிசன் வழியா கொத்மலைக்குப் போறோம். பாறையில குறி போட மாட்டேன். பாதை உங்களுது. வேணாம்னா இப்பவே சொல்லுங்க, போயிர்றேன்."

"ஒன்னோட கையாலதான் எங்க ஆளு மறியலுக்குப் போனான்!" என்று ஒரு பெண் கத்தினாள்.

"என் கையாலயா? கைய வெட்டுனதாலக்கா!"

யாரோ சிரித்தார்கள், உடனே அடங்கினார்கள். எல்லோரும் முன்வரிசையில் நின்ற பழனியாண்டியைப் பார்த்தார்கள். ஷெரோமியும் அவரைப் பார்த்தாள்.

"கோர்ட்டுல கூப்புட்டா நீங்க வெட்டுனதச் சொல்லுவேன் மாமா. அதுல மாத்தம் இல்ல."

"சொல்லு. வெட்டுனவன் நாந்தானே." அவர் தாடையைத் தடவிக்கொண்டார். "சனிக்கிழம அந்த மலையிலதான் எங்களுக்குக் கவ்வாத்து. மிலாற மேட்டுப் பக்கமா போடச் சொல்றேன்."

சனிக்கிழமை சைக்கிள்கள் அந்த வளைவைத் திரும்பியபோது, மிலாறு மேட்டோரமாக அடுக்கிக் கிடந்தது. பாதை வெறுமையாக இருந்தது. ஆட்கள் வேலையை நிறுத்தி, கத்திகளைப் பிடித்தபடி வரிசையாக நின்றார்கள். யாரும் கையசைக்கவில்லை. ஷெரோமியும் திரும்பிப் பார்க்கவில்லை. குளிரில் இல்லாத இரண்டு விரல்களும் வலித்தன. வலக்கையால் பிரேக்கை அழுத்தி, வேகத்தைக் குறைத்து, அவர்களைக் கடந்து இறங்கினாள்.