ஸ்கேன் பண்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

பில் கவுண்டர் வேலைக்கு விரல் ஓடினால் போதும், வாய் தேவையில்லை என்று நினைத்துத்தான் ஒரகடம் கூட்ரோடு சூப்பர் மார்க்கெட்டில் சேர்ந்தேன். என்னைப் போல் நாள் முழுக்க ஸ்கேனரும் கையுமாக நிற்கிற தோழிகளே, நீங்களும் அப்படித்தானே ஏமாந்திருப்பீர்கள்?

பெரிய பாக்கெட்

சேரப்பணஞ்சேரியிலிருந்து ஒரு தம்பதி மாதச் சாமான் வாங்க வந்தார்கள். கணவர் ஒரு கிலோ சோப்புத்தூளைக் கூடையில் போட, அந்த அக்கா அதை எடுத்துவிட்டு இரண்டு அரைக் கிலோ பாக்கெட்டுகளை வைத்தார். அவர் மறுபடி பெரியதை வைத்தார். அக்கா மறுபடி எடுத்தார். வரிசை நீள்கிறதே என்ற அவசரத்தில் நான் மூக்கை நுழைத்தேன்: "பெருசா எடுத்தா லாபம்க்கா."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சின்னது ரெண்டு நூத்தி முப்பது, பெருசு ஒண்ணு நூத்தி நாப்பது. அந்தப் பத்து ரூபா இன்னாத்துக்கும்மா, கவருக்கா?"

ஆறு பேருக்கு ஒரு பில்

ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு வாங்கினால் ஒரு கிலோ சர்க்கரை ஒரு ரூபாய். மாதாமாதம் வருகிற அந்த ஆஃபர் வாரத்தில், ஒரே கம்பெனியில் அசெம்ப்ளி லைனில் வேலை செய்கிற ஆறு பெண்கள் வந்தார்கள். எல்லோரும் தென்காசிப் பக்கம், ஒரே ரூமில் வாடகைக்கு இருப்பவர்கள். ஒருத்தி கூடையில் சீயக்காய், இன்னொருத்தியுடையதில் பிஸ்கட். எல்லாவற்றையும் ஒரே பில்லில் போடச் சொன்னார்கள். போட்டதும், "யார் யாருக்கு எவ்ளோன்னு பிரிச்சுச் சொல்லுங்கக்கா" என்றார்கள். பின்னால் நின்றவர் ஷிஃப்ட் பஸ் போய்விடும் என்று கத்துகிறார். வியர்க்க வியர்க்கப் பிரித்துக் கொடுத்தேன்.

"சரி, சர்க்கரை யாருக்கு? அதுக்குச் சண்டை போடுவீங்களா?" என்றேன்.

"இந்த மாசம் சீனி எனக்கு, அடுத்த மாசம் இவளுக்கு. சீட்டு மாதிரிதான்க்கா, ஏலம் மட்டும் கிடையாது."

குக்கர்

இது என் சம்பளத்துக்கே வேட்டு வைக்கப் பார்த்த கதை. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற அண்ணன் ஒருவர், மகளின் தனிக்குடித்தனத்துக்காகக் குக்கர் எடுத்து வந்தார். ஸ்கேன் செய்தால் ஆயிரத்து ஐந்நூறு. "ரேக்ல ஆயிரத்து இருநூறுன்னு போட்டு கீதே?" என்று போனை நீட்டினார். லேபிளைப் படம் எடுத்து வைத்திருந்தார்!

ஆஃபர் முந்தின நாளே முடிந்துவிட்டது. லேபிளைக் கழற்ற வேண்டியவள் நான், மறந்துபோனேன். மேனேஜர் வந்து பார்த்துவிட்டு, "அந்த ரேட்டுக்கே குடு. மீதி முந்நூறு உன் சம்பளத்துல" என்றார். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது.

அண்ணன் குக்கரைத் தூக்கி மேனேஜர் கையில் வைத்தார். "இந்தப் பொண்ணு சம்பளத்துல கை வெச்சா எனக்கு வேணாம் சார். நீயே வூட்டுக்கு எடுத்துனு போய் விசில் வுடு." வரிசையே சிரித்தது. மேனேஜருக்கும் அடக்க முடியவில்லை. நஷ்டத்தைக் கடைக் கணக்கிலேயே எழுதிக்கொண்டார். நன்றி சொல்ல வாசல்வரை ஓடினேன்.

"அத்த அப்புறம் சொல்லு, மொதல்ல போய் லேபிளைக் கிழி. என் மச்சானும் குக்கர் வாங்க வந்துகினு கீறான்."

லீவு நாளில்

போன செவ்வாய்க்கிழமை வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போனேன். வாசலில் பூ விற்கிற அம்மாவிடம் முழம் முப்பதா என்று ஆரம்பித்து, இருபதில் நின்று, கடைசியில் இருபத்தைந்துக்கு ஒத்துக்கொண்டேன். அந்த அம்மா பூவை அளந்துகொண்டே என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"நீ அந்த பில்லு போடற பொண்ணுதானே? அங்க நான் வாயைத் தொறந்தா 'ஃபிக்ஸட் ரேட்டும்மா'ன்றியே, இங்க இன்னா?"

ஆக, கவுண்டருக்குள் நிற்கும்போது கஞ்சத்தனமாகத் தெரிவதெல்லாம், வெளியே வந்து சொந்தப் பர்ஸைத் திறந்ததும் எப்படியோ புத்திசாலித்தனமாகிவிடுகிறது.